வெட்கம் வேண்டாம், அளவு வேண்டும்

சிலருக்கு இருமினால் சிறுநீர் சொட்டுகிறது. சிலருக்குத் தும்மினால் சொட்டுகிறது. சிலருக்குக் கழிவறைக்குப் போய்ச் சேரும் முன்பே சேலை நனைந்துவிடுகிறது. படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் சிலருக்கு, போவதே தெரிவதில்லை.

இதற்குச் சிறுநீர்க் கசிவு என்று பெயர். சிலருக்கு மலத்தையும் அடக்க முடியாமல் போகும்.

இது வயதானவர்களுக்கு மட்டும் வருவது அல்ல. பிள்ளை பெற்ற இளம் பெண்களுக்கும் வரும். ஆண்களுக்கும் வரும். ஊரில் பலருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. சொல்ல வெட்கம்.

சொல்லாமல் இருப்பதால் என்ன நடக்கிறது? கல்யாணத்துக்குப் போவதில்லை. பஸ்ஸில் ஏறுவதில்லை. நாலு பேர் நடுவில் உட்காருவதில்லை. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார்கள்.

தண்ணீரைக் குறைப்பது தவறு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும். அது சிறுநீர்ப்பையை உறுத்தும். அவசரம் கூடும். மலச்சிக்கல் வரும். நீர்க்கடுப்பு வரும். கசிவு அதிகமாகுமே தவிரக் குறையாது.

கசிவைத் தாங்குவதற்குப் பல பொருள்கள் கடையில் கிடைக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்று தெரிந்து வாங்க வேண்டும். தெரியாமல் வாங்கினால் பணமும் வீண், உடம்பும் புண்.

முதலில் டாக்டர், பிறகு கடை

கசிவு என்பது ஒரு நோய்க்கு அடையாளமாக இருக்கலாம். நோயைத் தீர்த்தால் கசிவு நின்றுவிடும், அல்லது குறைந்துவிடும். ஆகவே கடைக்குப் போகும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கிராமத்தில் ஆஷா ஊழியரிடம் முதலில் சொல்லலாம்.

கசிவுக்குக் காரணங்கள் பல. நீர்க்கடுப்பு ஒரு காரணம். சர்க்கரை நோய் ஒரு காரணம். நாள்பட்ட மலச்சிக்கல் ஒரு காரணம். பக்கவாதம், ஞாபக மறதி நோய் ஆகியவையும் காரணம். இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, சிறுநீர் முழுதும் போகாமல் தேங்கி, சொட்டுச் சொட்டாக வழியும்.

பிரசவத்தில் இடுப்படித் தசைகள் தளர்ந்துபோகும். அதனால் பல பெண்களுக்கு இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் கசிகிறது. இதற்கு ஒரு பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவது போல் அந்தத் தசையை இறுக்க வேண்டும். 5 எண்ணும் வரை பிடிக்க வேண்டும். பிறகு 5 எண்ணும் வரை தளர்த்த வேண்டும். இப்படி 10 முறை. ஒரு நாளில் 3 வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்தால் பலன் தெரியும். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது.

கடினமான பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இரவும் பகலும் ஓயாமல் சிறுநீர் வழியும். உள்ளே சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம். இதைத் துணியால் மறைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டாம். அறுவை சிகிச்சையால் சரி செய்யலாம்.

சில நேரம் தாமதிக்கவே கூடாது. சிறுநீரில் இரத்தம் வந்தால், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தால், வயிறு உப்பிச் சிறுநீர் போகாமல் இருந்தால், காலில் திடீரென்று பலம் குறைந்து கசிவும் தொடங்கினால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று நாள் கணக்கு

எழுதத் தெரிந்த கைக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டில் மூன்று நாள் கணக்கு எழுத வேண்டும். என்ன குடித்தார், எப்போது போனார், எப்போது நனைந்தது என்று எழுத வேண்டும். இப்படி:

காலை 6 மணி: கழிவறைக்குப் போனார். நனையவில்லை.
காலை 7 மணி: காபி 1 டம்ளர்.
காலை 8 மணி: அவசரம். வழியில் சேலை நனைந்தது.
காலை 11 மணி: இருமல். சில சொட்டு.
இரவு 2 மணி: படுக்கை முழுதும் நனைந்தது.

இந்த நோட்டை டாக்டரிடம் காட்டலாம். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதைத் தாள் சொல்லிவிடும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னும் சில செய்திகள் கிடைக்கும். காபி, டீ குடித்தபின் அவசரம் கூடுகிறதா? அப்படியானால் அவற்றைக் குறைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நனைகிறதா? அப்படியானால் ஒன்றரை மணிக்கு ஒரு முறை கழிவறைக்குக் கூட்டிப் போகலாம். இரவில் மட்டும் நனைகிறதா? அப்படியானால் பகலில் தண்ணீரை நன்றாகக் குடித்து, படுக்கும் நேரத்தில் கொஞ்சம் குறைக்கலாம். மொத்தத் தண்ணீர் குறையக் கூடாது.

எவ்வளவு கசிகிறது என்பதும் தெரிந்துவிடும். சில சொட்டா, அரை டம்ளரா, முழுதுமா? எந்தப் பொருளை வாங்குவது என்பது இதைப் பொறுத்தது.

என்னென்ன பொருள்கள் உண்டு?

பேட்: உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வது. நடமாடுகிறவர்களுக்கு, சொட்டாகவோ கொஞ்சமாகவோ கசிந்தால் இது போதும். ஆண்களுக்குத் தனி வடிவத்தில் கிடைக்கும். மாதவிலக்கு நாப்கினை இதற்கு வைக்கிறவர்கள் உண்டு. அது இரத்தத்துக்காகச் செய்தது. இரத்தம் மெதுவாக வரும். சிறுநீர் வேகமாக வரும். நாப்கின் அதை உடனே உறிஞ்சாது. ஓரத்தில் ஒழுகும்.

ஜட்டி போன்ற டயாப்பர்: காலை நுழைத்து மேலே இழுத்து மாட்டுவது. கழற்றும்போது பக்கத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். நடக்க முடிந்தவர்களுக்கு, கசிவு அதிகம் என்றால் இது நல்லது. பயணத்துக்கும் நல்லது. தாமே மாட்டிக்கொள்ளலாம்.

ஒட்டும் டயாப்பர்: இரண்டு பக்கமும் ஒட்டும் பட்டை இருக்கும். படுத்திருப்பவர்களுக்கு இதுதான் வசதி. இன்னொருவர் மாட்டிவிடலாம். மலத்தை அடக்க முடியாதவர்களுக்கும் இது ஏற்றது.

படுக்கைப் பேட்: கடையில் 'அண்டர்பேட்' என்பார்கள். படுக்கை விரிப்பின் மேல் போடுவது. இது மெத்தையைத்தான் காக்கும். ஒட்டும் டயாப்பருக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

துணி: பழைய பருத்திச் சேலை, வேட்டி இவற்றை மடித்து வைப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். இது நல்லதுதான். ஆனால் துணி ஈரத்தை இழுத்துப் பூட்டி வைக்காது. ஈரம் தோலிலேயே இருக்கும். ஆகவே நனைந்ததும் மாற்ற வேண்டும். சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காய வைக்க வேண்டும்.

டயாப்பருக்குள் மரக்கூழும் உப்பு போன்ற ஒரு தூளும் இருக்கின்றன. அந்தத் தூள் சிறுநீரை இழுத்துக் கூழாக மாற்றிவிடும். அதனால்தான் மேலே தொட்டால் ஈரம் குறைவாகத் தெரிகிறது.

இன்னும் சில பொருள்கள் உண்டு. படுக்கையிலேயே சிறுநீர் பிடிக்கும் புட்டி இருக்கிறது. மலத்துக்குப் பெட்பேன் இருக்கிறது. கட்டில் பக்கத்தில் வைக்கும் கமோடு நாற்காலி இருக்கிறது. கழிவறை வீட்டுக்கு வெளியே இருந்தால், இரவில் தடுக்கி விழும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் கமோடு நாற்காலி பெரிய உதவி. எழுந்து உட்கார முடிந்தவருக்கு டயாப்பரை விட இதுவே மேல்.

ஆண்களுக்கு உறை போல மாட்டும் குழாயும் உண்டு. இறுகினால் ஆபத்து. செவிலியர் சொல்லிக்கொடுத்த பிறகுதான் மாட்ட வேண்டும். உள்ளே செருகும் குழாயை நம் வசதிக்காகக் கேட்கக் கூடாது. அதனால் கிருமி தொற்றும். தேவையா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரிதாக இருந்தால் போதுமா?

ஓர் ஊரில் ஒரு குடும்பம். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். மகன் கடைக்குப் போனார். இருப்பதிலேயே பெரிய டயாப்பர் வாங்கி வந்தார். ஆனாலும் தினமும் இரவில் படுக்கை நனைந்தது. மாமியார் இரவில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

மருமகள் கேட்டார்: "அத்தை, ராத்திரி ஏன் தண்ணி வேண்டாங்கிறீங்க?"

"குடிச்சா நனையுது. விடிஞ்சா நீதானே துவைக்கணும்? உன் கையைப் பாரும்மா, சோப்புத் தண்ணியிலேயே ஊறி வெடிச்சுக் கிடக்கு."

மருமகளுக்கு மனம் பொறுக்கவில்லை. டயாப்பர் பாக்கெட்டை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"என்னங்க, இதுல 48, 57ன்னு போட்டிருக்கு. அது என்ன?"

"தெரியலையே. பெரிசா இருந்தா நிறையப் பிடிக்கும்னு வாங்கினேன்."

பக்கத்து வீட்டில் தையல்காரர் இருந்தார். மருமகள் அவரிடம் அங்குல டேப் வாங்கி வந்தார். மாமியாரின் இடுப்பைச் சுற்றி அளந்தார். 36 அங்குலம் இருந்தது.

"அத்தைக்கு 36தான். இது 48லதான் ஆரம்பிக்குது. தொடைப் பக்கம் எப்படி நிக்கும்? அந்தச் சந்து வழியாத்தான் ஒழுகுது."

மறுநாள் மகன் ஒரு துண்டுத் தாளில் 36 என்று எழுதி எடுத்துப் போனார். 32 முதல் 44 அங்குலம் என்று போட்ட பாக்கெட்டை வாங்கி வந்தார். அது முன்னதை விட விலையும் குறைவு. அன்று படுக்கை நனையவில்லை. அடுத்த நாள் இரவு மாமியார் தாமே தண்ணீர் கேட்டார். ஒரு டம்ளர் நிறையக் குடித்தார்.

மீதி இருந்த பெரிய டயாப்பர்களை அவர்கள் வீணாக்கவில்லை. விரித்துப் படுக்கையின் மேல் போட்டுக்கொண்டார்கள்.

பாக்கெட்டைப் படியுங்கள்

பாக்கெட்டில் ஆங்கில எழுத்து இருக்கலாம். பயப்பட வேண்டாம். எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். நான்கு செய்திகளைத் தேடுங்கள்.

முதலாவது அளவு. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று இருக்கும். எஸ் சிறியது. எம் நடுத்தரம். எல் பெரியது. எக்ஸ்எல் மிகப் பெரியது. ஆனால் ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எம்முக்குச் சமமாக இருக்காது. ஆகவே எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். இடுப்பையும் பிட்டத்தையும் அளந்து, எது அதிகமோ அதை எழுதிக்கொண்டு போக வேண்டும். சில பாக்கெட்டில் சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். 1 அங்குலம் என்றால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். 36 அங்குலம் என்றால் சுமார் 91 சென்டிமீட்டர்.

இரண்டாவது வகை. ஜட்டி போன்றதா, ஒட்டுவதா என்று படத்தைப் பாருங்கள். தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள்.

மூன்றாவது எண்ணிக்கை. உள்ளே எத்தனை இருக்கின்றன?

நான்காவது விலை. அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு பாக்கெட்டில் 10 டயாப்பர். விலை 450 ரூபாய். ஒன்று 45 ரூபாய் ஆகிறது. இன்னொரு பாக்கெட்டில் 30 டயாப்பர். விலை 1,050 ரூபாய். ஒன்று 35 ரூபாய் ஆகிறது. பெரிய பாக்கெட்தான் மலிவு. ஆனால் முதல் முறை சிறிய பாக்கெட் வாங்குங்கள். பொருந்துகிறதா, தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பிறகு பெரியது வாங்கலாம்.

ஒரு நாளைக்கு 3 டயாப்பர் என்றால், 35 ரூபாய் வீதம் ஒரு மாதத்துக்கு 3,150 ரூபாய் ஆகும். இரவுக்கு மட்டும் ஒன்று என்றால் 1,050 ரூபாய் ஆகும். பகலில் துணி, கமோடு நாற்காலி, இரவில் டயாப்பர் என்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இது கணக்குக்காகச் சொன்ன விலை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

காசு மிச்சம் பிடிக்க, நனைந்த டயாப்பரை வெயிலில் காயவைத்து மீண்டும் போடக் கூடாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போடுவதாலும் பயன் இல்லை. உள்ளே இருப்பதன் அடியில் பிளாஸ்டிக் இருக்கிறது. ஈரம் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகாது. சூடும் புண்ணும்தான் மிச்சம்.

மாற்றுவது எப்படி?

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கதவைச் சாத்த வேண்டும், அல்லது ஒரு சேலையைத் திரையாகக் கட்ட வேண்டும். "மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொட வேண்டும். பேச முடியாதவராக இருந்தாலும் கேட்க வேண்டும். அவர் குழந்தை அல்ல.

அவரை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். பழையதை உள்பக்கமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். பின்னிருந்து முன்னால் துடைத்தால் மலத்தின் கிருமி சிறுநீர்த் துவாரத்துக்குப் போய்விடும். தண்ணீரால் சுத்தம் செய்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது.

புதியதை அடியில் விரித்து, மறுபடி மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். கீழ்ப் பட்டைகளை முதலில் ஒட்ட வேண்டும். பிறகு மேல் பட்டைகளை ஒட்ட வேண்டும். தொடை ஓரத்தில் உள்ள மடிப்பு உள்ளே சுருண்டிருந்தால் வெளியே எடுத்துவிட வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது.

பல டயாப்பர்களில் வெளியே ஒரு கோடு இருக்கும். நனைந்தால் அது நிறம் மாறும். பாக்கெட்டில் 8 மணி, 10 மணி என்று போட்டிருக்கலாம். அத்தனை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. நன்றாக நனைந்தால் மாற்ற வேண்டும். மலம் போனால் உடனே மாற்ற வேண்டும்.

தோலைக் காப்பது

ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் கிழியும். தினமும் தோலைப் பார்க்க வேண்டும். பிட்டம், இடுப்பு எலும்பு, தொடை இடுக்கு இவற்றை நன்றாகப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறையாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று பொருள். உடனே செவிலியரிடம் காட்ட வேண்டும். தாமாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

பவுடர் போட வேண்டாம். அது ஈரத்தில் கட்டியாகி உறுத்தும். துத்தநாகம் கலந்த களிம்பை மெல்லியதாகத் தடவலாம். தினமும் கொஞ்ச நேரம் டயாப்பர் இல்லாமல் காற்றுப் பட விட வேண்டும்.

கழற்றியதை என்ன செய்வது?

மலம் இருந்தால் அதைக் கழிவறையில் தட்டிவிட வேண்டும். டயாப்பரைக் கழிவறையில் போடக் கூடாது. குழாய் அடைத்துக்கொள்ளும். சாக்கடையிலும் குளத்திலும் வீசக் கூடாது. எரிக்கவும் கூடாது. பிளாஸ்டிக் புகை நச்சு.

சுருட்டி, பட்டையால் ஒட்டி, செய்தித்தாளில் சுற்ற வேண்டும். மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இப்படிச் சுற்றிக் கொடுக்கச் சொல்லின. புனே நகரத்தில் பொட்டலத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இடும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். குப்பை எடுப்பவர் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வார். பிரித்துப் பார்க்க மாட்டார். எந்த ஊரிலும் இதைச் செய்யலாம். குப்பை எடுப்பவரும் நம்மைப் போல ஒரு மனிதர்.

உதவி எங்கே கிடைக்கும்?

60 வயது ஆனவர்களுக்காக 14567 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. நாடு முழுவதற்கும் இதே எண். கட்டணம் இல்லை. ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017-ல் தொடங்கியது. இது ஏழை முதியோருக்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்ற பொருள்களைத் தரும் திட்டம். கமோடு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

நினைவில் வையுங்கள்

முதலில் டாக்டரைப் பாருங்கள்.
தண்ணீரைக் குறைக்காதீர்கள்.
நடப்பவருக்கு ஒரு வகை, படுத்திருப்பவருக்கு ஒரு வகை.
பெரியதை வாங்காதீர்கள். பொருந்துவதை வாங்குங்கள்.
நனைந்தால் மாற்றுங்கள். தினமும் தோலைப் பாருங்கள்.
கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பயிற்சி

1. மகன் வாங்கிய பெரிய டயாப்பர் ஏன் ஒழுகியது?
2. மாமியார் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை? அதனால் என்ன கெடுதல்?
3. ஒரு பாக்கெட்டில் 20 டயாப்பர். விலை 760 ரூபாய். ஒன்று எவ்வளவு?
4. உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் படுத்திருக்கும் பெரியவர் இருக்கிறாரா? அவர் கேட்கத் தயங்குவது என்னவாக இருக்கும்? கூடிப் பேசுங்கள்.
5. ஒரு நூலை எடுங்கள். உங்கள் இடுப்பைச் சுற்றி வையுங்கள். அதை அங்குல டேப்பில் அளந்து, எண்ணை இங்கே எழுதுங்கள்: ........ அங்குலம்.